ஓட்டின் நிறமும் அடைக்கோழியின் அருமையும்

(விருதுநகரை அடுத்த சூலக்கரையில் நாட்டுக்கோழி வளர்ப்போர் நடுவே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழுப்பு முட்டை இடும் நம் பாரம்பரியக் கோழியை வளர்ப்பது பற்றியும் பெருக்குவது பற்றியும் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோழியின் அருமை அதன் முட்டை ஓட்டு நிறத்தில் இல்லை. தானே அடையில் உட்கார்ந்து, தானே பொரித்து, தானே குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய் மேய்த்து ஆளாக்குகிறதே, அந்தக் குணத்தில் இருக்கிறது. அந்தக் குணத்தை ஒரு வீடு தனியாகக் காப்பாற்ற முடியாது. ஒரு தெரு சேர்ந்தால் முடியும். இந்த இரண்டையும் உங்கள் மனத்தில் பதிய வைத்துவிட்டால் நான் வந்த காரியம் முடிந்தது.

நிறத்திலிருந்தே தொடங்குவோம். கோழியின் வயிற்றில் மஞ்சள் கரு விடுபட்டு முட்டைக் குழாயில் இறங்கியதிலிருந்து முட்டை வெளியே வர ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. இதில் 20 மணி நேரம்போல முட்டை ஓட்டுப் பையிலேயே தங்குகிறது. சுண்ணாம்புச் சத்து படிந்து ஓடு கெட்டிப்படுவது அங்கேதான். கடைசிச் சில மணி நேரத்தில்தான் நிறம் ஏறுகிறது. பழுப்பு நிறத்தைத் தரும் பொருளின் பெயர் புரோட்டோபார்ஃபிரின். நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் பொருளுக்கு அது நெருங்கிய உறவு. இந்த நிறம் பெரும்பாலும் ஓட்டின் மேற்புறத்தில்தான் படிகிறது. ஒரு பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள், வெளுப்பாக இருக்கும்.

எந்தக் கோழி என்ன நிறத்தில் முட்டையிடும் என்பது பிறவியிலேயே வருவது. நம் நாட்டுக்கோழி பெரும்பாலும் வெளிர் பழுப்பிலோ பால் ஏட்டு நிறத்திலோ இடும். ஒரே வீட்டில் இரண்டு பெட்டைகள் இருந்தால் இரண்டு விதமாக இருக்கும். வயதானாலும், மிரண்டாலும், சித்திரை வெயில் தாக்கினாலும் அதே கோழியின் முட்டை வெளுக்கும். ஆகவே வெளுத்த முட்டையைக் கண்டு "இது நாட்டு முட்டை இல்லை" என்று ஒதுக்குவதும் தவறு, அடர்ந்த பழுப்பைக் கண்டு "இதுதான் அசல்" என்று எடுப்பதும் தவறு. பண்ணைகளில் கூண்டில் வளர்த்து, வருடம் முழுக்கப் பழுப்பு முட்டை இடுவதற்கென்றே உருவாக்கிய கலப்பினங்கள் உண்டு. அந்த முட்டை நம் கோழியின் முட்டையைவிட நல்ல அடர் நிறத்தில் இருக்கும். கடையில் அதுவும் "நாட்டுக்கோழி முட்டை" என்ற பெயரில்தான் அடுக்கப்படுகிறது. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து விற்றுப் பிடிபட்ட செய்திகளையும் படித்திருப்பீர்கள்.

சத்திலும் ஓட்டு நிறத்தை வைத்து எந்த வித்தியாசமும் கிடையாது. வெள்ளை ஓடோ பழுப்பு ஓடோ, ஒரே தீனியைத் தின்றால் உள்ளே ஒரே புரதம், ஒரே கொழுப்பு. மஞ்சள் கருவின் நிறம் மட்டும் கோழி எதைத் தின்றது என்று சொல்லும். பச்சைக் கீரையும் புல்லும் பூச்சியும் தின்று மேய்ந்த கோழியின் கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாமக்கல் வெள்ளை முட்டையை இழித்துப் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. காமராசர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் அப்படிப் பேசக் கூடாது. அவர் தொடங்கிய பள்ளி உணவு பின்னால் சத்துணவாக விரிந்தது. அதில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010இல் வாரத்துக்கு 5 முட்டை என்று ஆனது. அத்தனை குழந்தைகளின் தட்டிலும் முட்டை விழுந்தது பண்ணைக் கோழியால்தான். வருடத்துக்கு 300 முட்டை இடும் கோழிக்கு ஒரு வேலை இருக்கிறது. வருடத்துக்கு 60 முட்டை இடும் கோழிக்கு வேறொரு வேலை இருக்கிறது. நாம் பேசப்போவது இந்த இரண்டாவது கோழியைப் பற்றி.

இந்தக் கோழி எங்கிருந்து வந்தது? உலகத்தில் உள்ள வீட்டுக்கோழி அத்தனைக்கும் மூதாதை தென்கிழக்கு ஆசியப் பக்கத்துச் செங்காட்டுக்கோழி. 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, இன்றைய தாய்லாந்தில் உள்ள ஒரு பழைய குடியிருப்பில் கிடைத்த, பொ.ஆ.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட எலும்புகளையே வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான தடயமாகச் சொல்கிறது. நெல்லும் சிறுதானியமும் விளைந்த இடத்தில், சிந்திய மணியைப் பொறுக்க வந்த பறவை மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

இதில் நம் பக்கத்து மலைக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிருந்து மேற்கே தெரிகிற திருவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் காட்டுக்கோழி இருக்கிறது. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக அது கிடையாது. 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது என்று கண்டார்கள். உங்கள் வாசலில் மஞ்சள் காலோடு ஒரு பெட்டை நின்றால் அதன் உடம்பில் தென்னிந்திய மலைக்காட்டின் ரத்தம் ஓடுகிறது. அமெரிக்காவில் கடையில் விற்கும் மஞ்சள் தோல் கோழியின் உடம்பிலும் அதே ரத்தம்தான்.

சேவலை நம் முன்னோர் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் இந்தளூரிலும் அரசலாபுரத்திலும் சண்டையில் மாண்ட சேவல்களுக்கு நடுகல் எடுத்து, உருவம் செதுக்கி, எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,500 வருடப் பழமையான கற்கள் அவை. அந்தச் சண்டைச்சேவல் வழியில் வந்த அசில் இனம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே கார்ன்வால் பகுதியில் அதைக் கலந்து உருவாக்கிய கோழிக்கு முதலில் வைத்த பெயரே 'இந்தியன் கேம்' என்பது. பின்னாளில் அது கார்னிஷ் ஆயிற்று. இன்று உலகம் தின்னும் பிராய்லர் கோழியின் தந்தை வழி அந்தக் கார்னிஷ்தான். ஆக, பிராய்லரின் அகன்ற நெஞ்சுக்கட்டு நம் சண்டைச்சேவலின் சீதனம்.

சேவலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இனத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் காலில் கத்தி கட்டி மோதவிடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் அதை ஏற்காது. திண்டுக்கல்லில் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சி நடத்துகிறார்கள். அழகுக்கும் உடற்கட்டுக்கும் பரிசு கொடுக்கிறார்கள். ரத்தம் சிந்தாமல் ஓர் இனத்தின் பெருமையை நிலைநிறுத்த வழி இருக்கிறது என்பதற்கு அது போதும்.

இனி நம் வீட்டுக்கோழிக்கு வருவோம். கரிசல் காட்டு வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் சிறுவிடையும், சிறுவிடையோடு பெருவிடை கலந்ததும். பெருவிடை உயரம், கறி அதிகம், முட்டை குறைவு. சிறுவிடை சின்ன உடம்பு, சுறுசுறுப்பு, அடையில் கெட்டி. சின்ன உடம்பு என்பது இந்த ஊர் வெயிலுக்கு ஒரு வரம். உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும், தண்ணீரும் தீனியும் குறைவாகப் போதும், பருந்து வட்டமிட்டால் சீமைக்கருவேலம் புதருக்குள் ஒரே ஓட்டமாக நுழைந்துவிடும்.

இதன் கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டை ஓர் ஈட்டுக்கு 12 முதல் 18 முட்டை வரை இடும். பிறகு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை. பொரித்த பிறகு இரண்டு மாதம், இரண்டரை மாதம் குஞ்சுகளோடு திரியும். குஞ்சைக் கொத்தி விலக்கிவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு ஈடு. ஆக மொத்தம் 50, 60 முட்டை. பண்ணைக்காரர் கண்ணில் இது நஷ்டக் கோழி. அவர் கணக்குக்கு அது சரி. அடைக்கு உட்காரும் நாளெல்லாம் அவருக்கு முட்டை இழப்பு. அதனால்தான் நூறு வருடத்துக்கு மேலாக, உலகம் முழுவதும், அடைக்கு உட்காராத கோழியாகத் தேடித் தேடிப் பெருக்கி, அந்தக் குணத்தையே பண்ணைக் கோழியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பொரிக்கும் வேலையை மின்சாரப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

ஆனால் உங்கள் வீட்டில் கணக்கு வேறு. உங்களுக்கு இன்குபேட்டர் இல்லை, அதை ஓட்டும் மின்சாரச் செலவு இல்லை, குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் பல்பு இல்லை, குஞ்சுத் தீவன மூட்டை இல்லை. இத்தனைக்கும் பதில் ஒரு பெட்டை இருக்கிறது. எது தின்னும் பூச்சி, எது விஷப்பூச்சி, எங்கே நிழல், மேலே பறப்பது காக்கையா பருந்தா என்று குஞ்சுக்குச் சொல்லிக் கொடுக்கவும் அதுவே போதும்.

ஐதராபாத்தில் உள்ள மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் வனராஜா, கிராமப்பிரியா என்ற இனங்களைக் கிராமத்துக்கென்றே உருவாக்கியிருக்கிறது. இரண்டும் பழுப்பு முட்டைதான் இடும். நாட்டுக்கோழியைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் இடும். வீட்டில் முட்டை தின்பதற்கென்று வளர்க்க நல்ல கோழிகள்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை அடைக்கு உட்காரா. அந்தக் கோழி தீர்ந்ததும் மறுபடி குஞ்சுக்குக் காசு கொடுக்க வேண்டும். அதைவிடக் கவலை, அந்தச் சேவலை நம் பெட்டைகளோடு மேயவிடுவது. பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் நல்ல எடை போடும், கொஞ்சம் கூடுதலாக முட்டையிடும், பார்க்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். அடைக்கு உட்கார வேண்டிய நேரத்தில்தான் தெரியும். நாலு நாள் உட்காரும், ஐந்தாம் நாள் எழுந்து போய்விடும், முட்டை கூழாகும். இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு தெருவில் அடைக்கோழியே இல்லாமல் போய்விடும். சந்தையில் 'அசில் கிராஸ்' என்று வாங்கும் குஞ்சுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வளருங்கள், விற்றுக் காசாக்குங்கள். இனவிருத்திக்கு மட்டும் விடாதீர்கள்.

இப்போது அடை வைக்கும் முறை. இங்கே உள்ள அம்மாமார்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, வேலைக்குப் போகும் இளம் பெண்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு பனையோலைக் கடகமோ வாயகன்ற மண்சட்டியோ எடுத்து, அடியில் மணல் பரப்பி, மேலே வைக்கோலை வட்டமாகச் சுற்றி வையுங்கள். கோடையில் அடி மணலில் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்க வேண்டும். சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்க வேண்டும். ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, கோணியது, கீறல் விட்டது வேண்டாம். சிறுவிடைக்கு 10 முதல் 12 முட்டை. பேராசைப்பட்டு 18 வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போகாது. உட்கார வைப்பதற்கு முன் கோழியின் இறக்கையைத் தூக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். பேன் கடித்தால் எவ்வளவு கெட்டியான அடைக்கோழியும் எழுந்துவிடும். சாம்பலும் புழுதியும் கலந்து ஒரு குழியில் போட்டு வைத்தால் அதுவே குளித்துக்கொள்ளும். நொச்சி இலையை வைக்கோலோடு போடுவது நம் ஊர்ப் பழக்கம், அதை விட வேண்டாம். எதிரிலேயே கம்போ சோளமோ தண்ணீரோடு இருக்கட்டும். தீனி தேடித் தூரம் போனால் முட்டை ஆறிவிடும்.

இடிக்குப் பயந்து கடகத்தில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் வைக்கிறீர்கள். வையுங்கள். அதோடு ஏழாம் நாள் ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற பக்கத்தில் டார்ச்சை ஒட்டி வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் கிளை விட்டுப் பரவியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. தெளிவாக வெளிச்சம் ஊடுருவினால் அது கூமுட்டை. எடுத்துவிடுங்கள். கூமுட்டை அதிகமாக இருந்தால் கோழியைத் திட்டாதீர்கள். சேவலைப் பாருங்கள். வயதாகியிருக்கும், அல்லது ஒரே சேவலுக்குப் பெட்டை கூடியிருக்கும்.

குஞ்சுக்கு முதல் மாதம் புரதம் வேண்டும். அதற்கு நம் கரிசலில் காசில்லாத வழி கரையான். ஓட்டைப் பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, மக்கிய ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் பானை நிறைந்திருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டுங்கள். தாய்க்கோழி எப்படிக் கூப்பிடுகிறது, குஞ்சுகள் எப்படி வந்து விழுகின்றன என்று பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூடவே குதிரைவாலிக் குருணை, கம்பு போடலாம். நம் மாவட்டத்தில் விளைகிற தானியம் நம் கோழிக்கு உகந்த தானியம்.

அடுத்தது நோய். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலியாகும். 1920களின் பிற்பகுதியில் இமயமலை ஊரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்று பெயர். வந்த பிறகு மருந்து கிடையாது, வருமுன் தடுப்பது ஒன்றே வழி. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து. எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை ஒவ்வொரு வருடமும் கோடைக்கு முன்பு, பிப்ரவரியில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நம் அரசின் சொந்தச் சொத்து. கோழியைப் பிடித்து ஊசி போட முடியாதவர்களுக்காக, தீனியோடு கொடுக்கும் தடுப்பு மருந்துக் குருணையையும் நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. மருந்து ஐஸில் இருக்க வேண்டும், கலக்கிய மருந்தை வெயிலில் வைக்கக் கூடாது, முகாமுக்குப் போவதற்கு முன் குடற்புழு நீக்கியிருக்க வேண்டும். முகாம் நாளன்று விடியற்காலையில் கோழியைப் பஞ்சாரத்திலிருந்து திறந்துவிடாமல் வைத்திருங்கள். திறந்துவிட்ட கோழியைத் துரத்திப் பிடிப்பதற்குள் ஊசி போட வந்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

இனப்பெருக்கத்துக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் மையம் இதுதான், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? விருந்தாளி வந்தால் பெரிய சேவலை அறுக்கிறோம். ஆடி மாதம் கோயிலுக்கு நல்ல சேவலாக நேர்ந்து விடுகிறோம். நல்ல விலைக்கு வாங்க ஆள் வந்தால் வாட்டசாட்டமானதைக் கொடுத்துவிடுகிறோம். கடைசியில் யாரும் கேட்காத சேவல் வீட்டில் மிஞ்சுகிறது. அடுத்த தலைமுறைக்கு அது தகப்பன். வருடா வருடம் இப்படி நடந்தால் இனம் இளைக்காமல் என்ன செய்யும்? ஆகவே முதல் விதி, தகப்பன் சேவலை முதலில் குறித்து வைத்துவிட்டு மிச்சத்தை அறுங்கள், விற்றுவிடுங்கள். எந்தச் சேவலைக் குறிப்பது? அதன் தாயைப் பாருங்கள். 21 நாளும் எழாமல் உட்கார்ந்த பெட்டை, 10 குஞ்சில் 8 குஞ்சையாவது ஆளாக்கிய பெட்டை, அதன் வயிற்றுச் சேவலைக் குறியுங்கள். காலில் ஒரு நிறத் துணியைக் கட்டுங்கள். ஒரு நோட்டில் தேதி எழுதுங்கள்.

இரண்டாவது விதி சொந்தத்துக்குள் சேராமல் பார்ப்பது. ஒரு வீட்டில் ஒரு சேவல், 5 பெட்டை இருக்கின்றன, வெளியிலிருந்து சேவலே வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். மரபியல் கணக்குப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த மந்தையின் மரபு வளத்தில் 15 சதவீதம் கரைகிறது. மூன்று தலைமுறையில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். நாட்டுக்கோழிக்கு மூன்று தலைமுறை என்பது மூன்று நான்கு வருடம்தான். பொரிப்பு குறையும், குஞ்சு வலுவில்லாமல் சாகும், கோணக்காலும் கோண அலகும் தலைகாட்டும். வீட்டுக்காரர் கண் திருஷ்டி என்று நினைப்பார்.

இதே கோழிகளை வைத்துக்கொண்டு வேறு விதமாகச் செய்வோம். இப்படி 15 வீடுகள் சேரட்டும். 15 சேவல், 75 பெட்டை. ஒரு கோழிகூடப் புதிதாக வாங்க வேண்டாம். சேவல்கள் மட்டும் வீடு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கு, கடைசி வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கு. இப்போது தலைமுறைக்குக் கரைவது ஏறக்குறைய ஒரு சதவீதம். ஓர் இனம் நிலைத்திருக்க இழப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது என்கிறது உலக உணவு வேளாண்மை நிறுவனம். தனித்தனியாக இருந்தால் 15 சதவீத இழப்பு, சேர்ந்தால் ஒரு சதவீதம். தெரு சேர்ந்தால்தான் முடியும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் கணக்கு இது.

இது நமக்குப் புதிய வழக்கமும் இல்லை. வாரத்துக்குக் கோழி விடுவது நம் பக்கத்தில் காலங்காலமாக உண்டு. ஒருத்தர் பெட்டையைக் கொடுப்பார், இன்னொருத்தர் வளர்ப்பார், குஞ்சைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். "மதினி, உங்க கீரிப்பெட்டை குஞ்சுல ஒரு சேவக்குஞ்ச எனக்கு விட்டுருங்க, நான் எங்க காகச்சேவலத் தாரேன்" என்று வேலியோரம் நின்று பேசி முடித்துக்கொண்டார்கள். எந்த ஆராய்ச்சி நிலையமும் சொல்லாமலே நம் பாட்டிமார் இனத்தை இப்படித்தான் காத்தார்கள். வேலிக்குப் பதில் சுவர் எழும்பி, வேலைக்குப் போகும் நேரமும் கூடி, இந்தப் பேச்சு நின்றுபோனது. மகளிர் குழுவில் மாதம் ஒருமுறை கூடுகிறீர்கள். கடன் கணக்கு முடிந்ததும் கால் மணி நேரம் சேவல் கணக்கும் பேசுங்கள். ஒரு நோட்டு போதும்.

இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சூலக்கரையிலிருந்து சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வரை எத்தனை வீடுகளில் அடுப்பெரிவது பட்டாசு, தீப்பெட்டி வேலையால் என்று உங்களுக்குத் தெரியும். தீபாவளி முடிந்தால் ஆலை பூட்டுகிறார்கள், மழை பெய்தால் காயவைக்க முடியாமல் வேலை நிற்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பேரியம் உப்புக்குத் தடை போட்ட பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நாம் அனுபவித்தோம். அந்த மாதிரி நாளில் ஒரு பெட்டையை விற்றால் பள்ளிக்கூடப் பஸ் செலவு, இரண்டு சேவலை விற்றால் மருந்துச் செலவு. கோழிக் காசு வீட்டில் பெண்ணின் கையில் நிற்கிற காசு. அதை யாரும் கணக்குக் கேட்பதில்லை. மந்தை பெரிதாக வேண்டாம். அடைக்கோழி நான்கு, நல்ல சேவல் ஒன்று, தடுப்பூசி, பஞ்சாரம். இதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, ஆலையில் வேலையையும் விட வேண்டியதில்லை.

நாடு முழுவதும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கோழி வகைகள் 85 கோடிக்கு மேல். அதில் புறக்கடையில் வளர்வது மட்டும் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட 45 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. மொத்தக் கோழி எண்ணிக்கையில் முதலிடம் 12 கோடியோடு தமிழ்நாட்டுக்கு. புறக்கடையில் கூடியதில் எவ்வளவு அடைக்கோழி, எவ்வளவு கலப்பினம் என்று பிரித்துப் பார்த்துப் பேச வேண்டிய காலம் இது.

நம் மாவட்டத்துக்கு இனங்களைக் காத்துக் கொடுத்த பெயர் ஏற்கெனவே உண்டு. ராஜபாளையம் நாய், சிப்பிப்பாறை நாய், கன்னி ஆடு, வேம்பூர் ஆடு என்று இந்த வறண்ட பூமி வளர்த்தெடுத்த இனங்கள் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் அமைப்பின் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. அவற்றைப் படிப்பாளிகள் உருவாக்கவில்லை. மேய்த்தவர்களும் காவல் காத்தவர்களும் தேர்ந்து தேர்ந்து உருவாக்கினார்கள், படித்தவர்கள் பின்னால் வந்து எழுதிக்கொண்டார்கள். கரிசல் காட்டுச் சிறுவிடைக்கும் அந்தக் கவனம் வேண்டும். அதற்கு முதலில் நம்மிடம் கலக்காத மந்தை இருக்க வேண்டும், அதன் நோட்டுக் கணக்கு இருக்க வேண்டும். அவை இருந்தால் பல்கலைக்கழகத்தாரைக் கூப்பிட்டுக் காட்டலாம், அளக்கச் சொல்லலாம், பதியச் சொல்லலாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று. இந்த அவையிலிருந்து 15 வீடுகள் இன்றைக்கே பெயர் கொடுங்கள். இந்த மாதத்துக்குள் உங்கள் மந்தையில் உட்கார்ந்து பொரிக்கிற பெட்டை எது என்று பார்த்து, அதன் காலில் துணி கட்டுங்கள். பொங்கல் வரைக்கும் அதன் சேவல் குஞ்சு ஒன்றையாவது அறுக்காமல், விற்காமல் வைத்திருங்கள். பொங்கல் முடிந்து நான் மறுபடி வருகிறேன். அப்போது 15 சேவலையும் பஞ்சாரத்தோடு கொண்டு வாருங்கள், எந்தச் சேவல் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம். அடுத்த மாதமே பிப்ரவரி முகாம் வரும், ஊசியும் போட்டுவிடலாம். மூன்று வருடம் இதை விடாமல் செய்தால், நல்ல அடைக்கோழி வேண்டுமென்றால் சூலக்கரைக்குப் போங்கள் என்று சுற்றுவட்டாரமே சொல்லும். அந்தப் பெயரை வாங்கும் திறமை உங்களிடம் இருக்கிறது.